முள்ளந்தண்டு ஒடுக்கத்துக்கு நரம்புத் தடுப்பு ஊசி: திருகோணமலையிலிருந்து சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

என் அம்மாவுக்கு 68 வயது. உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து பிரதான வீதிக்கு இறங்குவதற்குள் இரண்டு கால்களும் கனத்து விறைத்துவிடும். யாராவது ஒருவருடைய மதிலைப் பிடித்துக் குனிந்து நிற்பார், இரண்டு நிமிடம் கழித்து மறுபடி நடப்பார். நாரிப்பிடிப்பு என்று எண்ணி ஒரு வருடத்துக்கு மேல் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தோம். பிறகு எடுத்த எம்ஆர்ஐ ஸ்கேனில், முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதியில் நரம்புகள் செல்லும் கால்வாய் ஒடுங்கியிருப்பது தெரிந்தது. ஒரு வைத்தியர் சத்திரசிகிச்சை என்றார், இன்னொருவர் முதலில் நரம்புத் தடுப்பு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார். அந்த ஊசியைப் போட்டு முடிக்க எங்களுக்கு நான்கு மாதங்கள் சென்றன. அவற்றில் ஆறு வாரங்கள் எங்களுடைய அறியாமையாலும், கையில் இல்லாத கடதாசிகளாலும் வீணாயின. அந்த ஆறு வாரங்கள் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். நான் வைத்தியர் அல்லன். மருந்து பற்றி இங்கே சொல்லியிருப்பவை, நீங்கள் உங்கள் வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளைத் தயார்செய்வதற்கு மட்டுமே.

1. நோய் இதுதானா என்று உறுதிப்படுத்துங்கள்

நிற்கும்போதும் நடக்கும்போதும் பிட்டத்திலிருந்து கால்வரை வலியோ விறைப்போ வந்து, உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ குறைந்தால், முள்ளந்தண்டு ஒடுக்கத்தைச் சந்தேகிக்கலாம். குனியும்போது கால்வாய் சற்று விரிவதும், நிமிரும்போது குறுகுவதும்தான் இதற்குக் காரணம். கோணேசர் கோயிலுக்கு ஏறும்போது சமாளித்த அம்மா, பிரெட்ரிக் கோட்டை வாசலை நோக்கி இறங்கும்போது வலியால் தவித்ததற்குக் காரணமும் இதுவே என்று பின்னர் விளங்கியது. ஏற்றத்தில் உடல் முன்னால் சாய்கிறது, இறக்கத்தில் பின்னால் சாய்கிறது. இதே நோயாளிகள் பலரால் நடக்க முடியாத தூரத்தைச் சைக்கிளில் சிரமமின்றிக் கடக்க முடியும்.

காலுக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டாலும் நடக்கும்போது கால் வலிக்கும். அந்த வலி குனியத் தேவையில்லாமல், சும்மா நின்றாலே தணிந்துவிடும். புகைப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் பாதத்தின் நாடித்துடிப்பைப் பரிசோதிக்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள். இடுப்பு மூட்டுத் தேய்வும் இதுபோல ஏமாற்றும். வெறும் எக்ஸ்ரேயில் எலும்புத் தேய்வும் முள்ளெலும்பு விலகலும் தெரியும், ஆனால் நரம்பு நெருக்கப்படுவது தெரியாது. அதற்கு எம்ஆர்ஐ வேண்டும்.

2. இந்த அறிகுறிகள் இருந்தால் ஊசியைப் பற்றிப் பேசவே வேண்டாம்

சலம் கழிக்க முடியாமல் போவது, சலமோ மலமோ அறியாமல் வெளியேறுவது, தொடைகளின் உட்பக்கமும் மலவாசலைச் சுற்றிய பகுதியும் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாதபடி கால் திடீரெனப் பலவீனமடைவது ஆகியவை அவசர நிலையைக் காட்டுபவை. கிளினிக் நாள் வரும்வரை காத்திராமல் உடனே வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். இந்த நிலையில் தாமதம் நிரந்தரப் பாதிப்பில் முடியலாம்.

3. ஊசி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்

தடித்துப்போன தசைநாரும், முள்ளெலும்புகளுக்கு இடையில் பிதுங்கிய வட்டும், தேய்ந்து பெருத்த மூட்டுகளும் சேர்ந்துதான் கால்வாயை ஒடுக்குகின்றன. எந்த ஊசியும் அந்தக் கால்வாயை அகலமாக்காது. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் போன்ற மருந்தும், அழற்சியைத் தணிக்கும் ஸ்டீரொயிட் மருந்தும் நரம்பு வேரின் அருகே செலுத்தப்படுகின்றன. முதல் மருந்து சில மணிநேரம் வேலை செய்யும். ஸ்டீரொயிட் வேலை செய்யத் தொடங்க இரண்டு நாள் முதல் ஒரு வாரம்வரை, சிலருக்கு அதற்கும் மேலாகச் செல்லும். கிடைக்கும் நிவாரணம் சில வாரங்கள் முதல் சில மாதங்கள்வரை நீடிக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒரு விடயத்தை இங்கே விரிவாகச் சொல்கிறேன். முள்ளந்தண்டு ஒடுக்கமுள்ள 400 நோயாளிகளிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2014இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு லிக்னோகெயினோடு ஸ்டீரொயிட்டும், மற்றப் பகுதியினருக்கு லிக்னோகெயின் மட்டும் செலுத்தப்பட்டன. ஆறு வாரங்களின் பின் இரு பகுதியினரிடமும் முன்னேற்றம் காணப்பட்டது, ஆனால் ஸ்டீரொயிட் சேர்த்ததால் கிடைத்த மேலதிகப் பயன் மிகச் சொற்பம் அல்லது இல்லை என்றே முடிவு வந்தது. பிரித்தானியாவின் தேசிய சிகிச்சை வழிகாட்டல் நிறுவனம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டல், நடுக்கால்வாய் ஒடுங்கி அதனால் நடக்கும்போது கால்வலி வருகிறவர்களுக்கு இந்த ஊசியைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. அதே வழிகாட்டல், ஒரு நரம்பின் வழியே காலுக்கு இறங்கும் கடுமையான புதிய வலிக்கு ஊசியைப் பரிசீலிக்கலாம் என்கிறது.

ஆகவே வைத்தியரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி இது: "ஒடுக்கம் நடுக்கால்வாயிலா, நரம்பு வெளியேறும் பக்கத்துளையிலா?" ஒரு பக்கக் காலில் மட்டும், ஒரு நரம்பின் பாதையில் வலி இருந்து, ஸ்கேனிலும் அதே நரம்பு நெருக்கப்பட்டிருந்தால், அந்த நரம்பைக் குறிவைத்துப் போடும் ஊசிக்குப் பொருள் உண்டு. ஊசி போட்ட முதல் சில மணிநேரத்தில் வலி மறைந்தால், பிரச்சினை அந்த நரம்பில்தான் என்பதற்கு அது ஒரு சான்றாகும், பின்னர் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தாலும் அந்தத் தகவல் உதவும். இரண்டு கால்களும் ஒருசேரக் கனத்து, பல மட்டங்களில் கால்வாய் நெருங்கியிருந்தால், எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இதய நோயால் மயக்க மருந்து ஏற்க முடியாதவர்களுக்கும், சத்திரசிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்களுக்கும், உடற்பயிற்சியைத் தொடங்கவே முடியாத அளவுக்கு வலி உள்ளவர்களுக்கும் ஊசி சிறிது காலத்தை வாங்கித் தரலாம். அம்மாவுக்கு இடது காலில் வலி கூடுதலாக இருந்ததாலும், இதயத்துக்கு மருந்து எடுப்பதாலும்தான் நாங்கள் இதற்கு இணங்கினோம். கால் நாளுக்கு நாள் பலமிழந்து வருகிறவர் ஊசிகளால் காலம் கடத்துவது தவறு என்பது என் உறுதியான கருத்து. வலி குறைந்திருக்கும்போதே நரம்பு பழுதாகிக்கொண்டிருக்கலாம்.

4. யாரிடம் போவது

எங்கள் ஊரில் முதற்படி திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலைதான். வெளிநோயாளர் பிரிவில் காட்டி, எலும்பு முறிவு நிபுணருடைய கிளினிக்குக்கோ மூட்டு வாத நிபுணருடைய கிளினிக்குக்கோ கடிதம் பெறுங்கள். ஊசியைப் போடுகிறவர் எலும்பு நிபுணராகவோ, நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணராகவோ, வலி நிவாரண கிளினிக் நடத்தும் மயக்க மருந்து நிபுணராகவோ இருக்கலாம். அரச வைத்தியசாலைகளில் நிபுணர்கள் இடமாற்றமாகிப் போவார்கள் என்பதால், போன வருடம் யாரோ இங்கே போட்டுக்கொண்டார் என்பதை நம்பிக் காத்திராமல், இரண்டு விடயங்களை நேரில் கேளுங்கள்: இந்த ஊசியைப் போடும் நிபுணர் இப்போது இருக்கிறாரா, படம் பார்த்தபடி ஊசி செலுத்த உதவும் 'சி ஆர்ம்' எக்ஸ்ரே இயந்திரம் இயங்குகிறதா? இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் மட்டக்களப்பு, அனுராதபுரம், யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைகளுக்கோ, கண்டி, கொழும்பு தேசிய வைத்தியசாலைகளுக்கோ கடிதம் கேட்க வேண்டும்.

வெளியூர் நிபுணர்கள் வார இறுதிகளில் இங்கு வரும்போது சானல் பண்ணிக் காட்டுவது இன்னொரு வழி. ஒருமுறை கட்டணம் செலுத்திக் காட்டிவிட்டு, அவர் பணிபுரியும் அரச வைத்தியசாலையின் கிளினிக்குக்கு வர முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள். இசைந்து கடிதம் தந்தால், எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த அறை என்பதையும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

படத்தின் துணையின்றிக் கையால் தடவிப் பார்த்து முள்ளந்தண்டுக்குள் ஊசி போடுவதாக எவராவது சொன்னால் உடன்படாதீர்கள். வாலெலும்புப் பக்கமாகப் போடும் ஊசிக்குச் சிலர் அல்ட்ராசவுண்ட் பயன்படுத்துவார்கள், அது ஏற்கத்தக்கது. பக்கத்துளை வழியாகப் போடுவதானால் எந்த ஸ்டீரொயிட் என்று கேளுங்கள். துகள்கள் உள்ள ஸ்டீரொயிட் தவறி இரத்தக்குழாய்க்குள் போனால் அதை அடைத்துவிடும் ஆபத்து உள்ளதால், அந்த வழிக்குத் துகள் இல்லாத டெக்சாமெதசோன் விரும்பப்படுகிறது. கேட்டதற்காக எந்த நல்ல வைத்தியரும் கோபிக்க மாட்டார்.

5. கோவையைத் தயார்செய்யுங்கள்

ஒரு பிளாஸ்டிக் கோவை வாங்கி, பின்வருவனவற்றை இதே ஒழுங்கில் வையுங்கள்.

- தேசிய அடையாள அட்டையும் இரண்டு பிரதிகளும்.
- கிளினிக் கொப்பி, அனுப்பும் வைத்தியரின் கடிதம், முன்பு வைத்தியசாலையில் தங்கியிருந்தால் அப்போது தந்த நோய் நிர்ணய அட்டை.
- எம்ஆர்ஐ அறிக்கை, ஃபிலிம், சீடி ஆகிய மூன்றும்.
- அண்மைய இரத்தப் பரிசோதனைகள்: முழு இரத்தக் கணக்கு, மூன்று மாதச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி, இரத்தம் உறையும் நேரம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின்.
- எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயரும் அளவும் எழுதிய தாள். ஆயுர்வேத, சித்த மருந்துகளையும் இதில் எழுதுங்கள்.
- ஒவ்வாமை ஏற்பட்ட மருந்துகளின் பெயர்கள். எக்ஸ்ரே சாய மருந்துக்கு ஒவ்வாமை வந்திருந்தால் சிவப்பு மையில் எழுதுங்கள்.

சீடி விடயத்தில்தான் நாங்கள் முதலில் தடுக்கி விழுந்தோம். ஸ்கேன் எடுத்த இடத்தில் அறிக்கைத் தாளை மட்டும் தந்தார்கள், நாங்களும் அதுவே போதுமென்று வாங்கி வந்தோம். ஊசி போடும் நிபுணர் அறிக்கையைப் படித்துவிட்டு, படங்களைத் தானே பார்க்காமல் நாள் குறிக்க மாட்டேன் என்றார். அவர் சொன்னது சரி. ஊசி எந்த இடைவெளியில் நுழைய வேண்டும் என்பதைப் படம்தான் காட்டும். மூன்று வாரம் கழித்து அடுத்த கிளினிக் வரை காத்திருந்தோம். ஸ்கேன் எடுத்த இடத்தை விட்டு வெளியேறும் முன்பே சீடியைக் கேட்டு வாங்குங்கள்.

கோவையின் முதல் பக்கமாக ஒரு சுருக்கத்தாளும் வையுங்கள்: வலி தொடங்கிய மாதம், எந்தக் கால், எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது, எத்தனை நிமிடம் நிற்க முடிகிறது, எடுத்த சிகிச்சைகள். இதை ஆங்கிலத்திலும் எழுதுங்கள். கண்டிக்கோ கொழும்புக்கோ போவதானால் சிங்களம் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன், அதில் உள்ளதைத் தமிழில் விளக்கும்படி கேட்க நோயாளிக்கு உரிமை இருக்கிறது. அம்மாவிடம் ஒரு தாளை நீட்டி இடத்தைக் காட்டியபோது நான் குறுக்கிட்டுக் கேட்டேன், ஒரு தாதி வந்து பொறுமையாகச் சொன்னார். அம்மாவின் பயம் அதன் பிறகே குறைந்தது.

ஸ்கேன் எடுக்கும்போது மல்லாந்து அசையாமல் ஏறக்குறைய அரைமணி நேரம் படுக்க வேண்டும். ஒடுக்கமுள்ளவர்களுக்குக் கால் நீட்டிப் படுப்பதே வலி என்பதால், முழங்காலுக்குக் கீழே தலையணை வைக்கும்படி முன்கூட்டிச் சொல்லுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் நாள் எடுக்கும்போதே அதைத் தெரிவிக்க வேண்டும்.

6. இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசைகளும் சீனியும்

எங்கள் ஒரு பயணம் முழுவதும் வீணானது இதனால்தான். அம்மா குளோபிடோகிரல் எடுக்கிறார். அதை நிறுத்த வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. விடியற்காலை போய்ச் சேர்ந்து, உடைமாற்றி, கட்டிலில் ஏறிய பிறகு மருந்துத் தாளைப் பார்த்த வைத்தியர் ஊசியைத் தள்ளிவைத்தார். முள்ளந்தண்டுக் கால்வாய்க்குள் இரத்தம் கசிந்து கட்டினால் கால்களே இயங்காமல் போகக்கூடும் என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

பொதுவாகக் குளோபிடோகிரலை 7 நாட்களுக்கு முன்பும், வோபரினை 5 நாட்களுக்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். வோபரின் எடுப்பவர்களுக்கு ஊசிக்கு முன் இரத்தம் உறையும் அளவையும் பரிசோதிப்பார்கள். ஆனால் இவற்றை நீங்களாக ஒருபோதும் நிறுத்தக்கூடாது. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் குளிசையைத் திடீரென விட்டால் மாரடைப்பு வரலாம். ஊசிக்கு நாள் கிடைத்தவுடன், அந்த நாளைச் சொல்லி இதய நிபுணரிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள்: எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்ற இரண்டு திகதிகளும் அதில் இருக்க வேண்டும். இதய கிளினிக் மாதம் ஒருமுறைதான் உங்களுக்கு வரும் என்றால், இதைக் கணக்கிட்டே ஊசிக்கு நாள் எடுங்கள்.

ஸ்டீரொயிட் இரத்தத்தில் சீனியை ஏற்றும். நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரத்துக்கும் மேலாக அது உயர்ந்திருக்கும். குளுக்கோமீட்டர் வீட்டில் இல்லாவிட்டால் இரவல் வாங்கியாவது வையுங்கள். சீனி மிக உயர்ந்திருந்தால் ஊசியே தள்ளிப்போகும். காய்ச்சல், சலத்தொற்று, முதுகில் புண் இருந்தாலும் அப்படியே. பயணம் புறப்படும் முன்பே தொலைபேசியில் தெரிவித்து வேறு நாள் பெறுங்கள்.

7. செலவு

அரச வைத்தியசாலையில் ஊசிக்குக் கட்டணம் இல்லை. கையிருப்பு இல்லாத வேளைகளில் மருந்தையோ விசேட ஊசியையோ வெளியில் வாங்கி வரும்படி துண்டு தருவார்கள், அதற்குப் பணம் வைத்திருங்கள். எம்ஆர்ஐ அரச வைத்தியசாலையில் இலவசம், ஆனால் காத்திருப்பு நீண்டது. தனியாரில் ஐந்து இலக்கத் தொகை செலவாகும், இடத்துக்கிடம் வேறுபாடு பெரிது என்பதால் குறைந்தது மூன்று இடங்களில் விசாரியுங்கள்.

தனியார் வைத்தியசாலையில் ஊசி போடுவதானால், "ஊசிக்கு எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். வைத்தியர் கட்டணம், சத்திரசிகிச்சைக் கூடக் கட்டணம், சி ஆர்ம் கட்டணம், மருந்து, பகல்நேரக் கட்டில் ஆகிய ஐந்தும் சேர்ந்த மொத்தத்தை எழுத்தில் கேளுங்கள். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிடுவது வழக்கமாக நடக்கிறது. பல ஊசிகள் கொண்ட தொகுதிக்கு முன்பணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். முதல் ஊசி பலன் தந்ததா என்று பார்க்காமல் இரண்டாவதற்கு நியாயம் இல்லை.

அரச ஊழியர்களும் ஓய்வூதியர்களும் அக்ரஹார காப்புறுதியில் எந்தச் செலவு மீளக் கிடைக்கும் என்பதை முன்பே விசாரித்து, எல்லாப் பற்றுச்சீட்டுகளின் மூலப்பிரதிகளையும் பத்திரப்படுத்த வேண்டும். சத்திரசிகிச்சை என்று முடிவானால் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவி உங்களுக்குப் பொருந்துமா என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள், சிகிச்சைக்கு முன்பே கேளுங்கள்.

எங்கள் கணக்கில் மருந்துக்குப் போனதைவிட வேனுக்கும் தங்குமிடத்துக்கும் போனதே அதிகம். கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ வருகிறவர்களுக்கு இது இன்னும் கூடும்.

8. பயணம்

ஒடுக்கமுள்ளவர்களுக்கு உட்கார்ந்திருப்பது ஒப்பீட்டளவில் இதமானது, ஆகவே போகும் பயணம் பெரும்பாலும் சமாளிக்கத்தக்கது. கந்தளாய், ஹபரண வழியாகக் கொழும்புக்கு ஏறக்குறைய 260 கிலோமீற்றர். வேனில் போனால் இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை இறங்கி நிற்க வையுங்கள். இரவு ரயிலில் எழுந்து நடமாட முடிவதால் அம்மாவுக்கு அதுவே வசதியாக இருந்தது. திரும்பும் பயணம் வேறு. ஊசி போட்ட அன்று கால் பலவீனமாக இருக்கலாம், தலைவலி வரலாம். ஓர் இரவு அங்கேயே தங்கி மறுநாள் திரும்புங்கள். உறவினர் வீடு மாடியில் என்றால், படிகள் எத்தனை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

9. ஊசி போடும் நாள்

உணவு உண்ணலாமா, காலைக் குளிசைகளில் எவற்றை எடுக்கலாம் என்பதை முதல்நாளே கேளுங்கள். நீரிழிவுக் குளிசையை எடுத்துவிட்டு வெறும் வயிற்றில் காத்திருந்து மயங்கிய ஒருவரை நான் பார்த்தேன். துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். நோயாளி அன்று வாகனம் ஓட்டக்கூடாது.

குப்புறப் படுக்கச் சொல்வார்கள். வயிற்றின் கீழ் தலையணை வைத்தால்தான் ஒடுக்கமுள்ளவர்களால் அப்படிப் படுக்க முடியும், வைக்காவிட்டால் கேளுங்கள். தோலைச் சுத்தம் செய்து மரத்துப்போகும் மருந்து போடுவார்கள், அது எரியும். பிறகு படம் பார்த்து ஊசியை நகர்த்தி, சிறிது சாய மருந்து செலுத்தி இடத்தை உறுதிசெய்து மருந்தைச் செலுத்துவார்கள். அப்போது காலில் அழுத்தம் போன்ற உணர்வு வரும். மின்சாரம் பாய்வதுபோலக் கடும் வலி வந்தால் அசையாமல் வாயால் சொல்ல வேண்டும். எல்லாம் பதினைந்து நிமிடம் முதல் அரைமணிக்குள் முடியும். அதன்பின் ஒரு மணிநேரமாவது அங்கேயே வைத்திருப்பார்கள். முதல்முறை எழுந்து நிற்கும்போது இருவர் பிடித்துக்கொள்ளுங்கள்.

புறப்படும் முன், போட்ட மருந்தின் பெயர், அளவு, முள்ளந்தண்டின் எந்த மட்டம், எந்தப் பக்கம் என்பன எழுதிய தாளைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த வைத்தியர் கேட்பது இதைத்தான்.

10. அடுத்த இரண்டு வாரங்களும் அதன் பின்பும்

முகம் சிவப்பது, இரவில் நித்திரை வராமை, ஊசி போட்ட இடத்தில் நோவு ஆகியவை சில நாட்களில் அடங்கும். எழுந்து உட்கார்ந்தால் மோசமாகி, படுத்தால் குறையும் தலைவலி வந்தால் ஊசி போட்ட இடத்துக்கு அறிவியுங்கள். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் முதுகுவலி, மரத்துப்போனது மாறாத கால், சலம் போகாமை ஆகியவற்றில் ஏதேனும் ஏற்பட்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள்.

ஒரு கொப்பியில் தினமும் மூன்றை எழுதுங்கள்: வலி பத்தில் எவ்வளவு, எத்தனை நிமிடம் நடந்தார், சீனி எவ்வளவு. அம்மா ஊசிக்கு முன் ஐந்து நிமிடம் நடந்தார். மூன்றாவது வாரத்தில் இருபது நிமிடம் நடந்தார். மூன்றரை மாதத்தில் அது பன்னிரண்டாகக் குறைந்தது. இந்த எண்கள் இல்லாவிட்டால் "கொஞ்சம் பரவாயில்லை" என்ற ஒரு பதிலைத்தான் வைத்தியரிடம் சொல்லியிருப்போம்.

வலி குறைந்த நாட்களைப் படுக்கையில் கழிக்காதீர்கள். உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் முன்குனியும் பயிற்சிகளையும் வயிற்றுத் தசைப் பயிற்சிகளையும் கற்றுக்கொள்ள வேண்டிய காலம் இதுதான். நிலையான சைக்கிள் கிடைத்தால் மிக நல்லது.

முதல் ஊசி எந்தப் பலனும் தராவிட்டால், அதையே அதே இடத்தில் திரும்பப் போடுவதற்குச் சம்மதிக்கும் முன் காரணம் கேளுங்கள். பலன் தந்தாலும் வருடத்துக்கு மூன்று அல்லது நான்குக்கு மேல் பொதுவாகப் போடுவதில்லை, ஸ்டீரொயிட் எலும்பைப் பலவீனமாக்கும். சத்திரசிகிச்சை நிபுணரின் கிளினிக்கை இடையில் விட்டுவிடாதீர்கள், பெயரைப் பட்டியலில் இருந்து எடுக்கவும் சொல்லாதீர்கள். ஊசி போட்டுச் சில வாரங்களுக்குள் சத்திரசிகிச்சை செய்தால் தொற்று ஏற்படும் அபாயம் கூடும் என்பதால், ஒவ்வொரு ஊசியின் திகதியையும் கோவையின் முதற்பக்கத்திலேயே எழுதி, அவரிடம் போகும்போதெல்லாம் அதைக் காட்டுங்கள்.